இரண்டாவது நட்சத்திரம்

கடலோர நாடுகளின் கால்பந்துக் கோப்பையைப் பற்றி நம் ஊரில் புத்தகம் போடாதவர் குறைவு. எல்லாப் புத்தகமும் ஒரே மாதிரிதான் தொடங்கும். முதல் கோப்பையும் இரண்டாவதும் மலைக்காரர்களுக்கு, மூன்றாவது தீவுக்காரர்களுக்கு, நான்காவது நமக்கு, ஐந்தாவது மறுபடியும் மலைக்காரர்களுக்கு. கடலோர நாடுகளின் கோப்பையில் மலைக்காரர்களுக்கு என்ன வேலை என்று கேட்கக் கூடாது. அவர்களுக்கும் ஒரு முழம் கடற்கரை உண்டு. அந்த ஒரு முழத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை கோப்பையை அள்ளினார்கள்.

ஆறாவது கோப்பை வரும்போதுதான் எழுத்தாளர்களின் பேனா சூடு பிடிக்கும். அதுவரை ஆட்டக்காரர், பயிற்சியாளர், நடுவர் என்று எழுதிவந்தவர்கள் திடீரென்று ஒரு தையல்காரியைத் தரதரவென்று இழுத்து வந்து நடுமைதானத்தில் நிறுத்துவார்கள். கையில் இருந்த கோப்பை அவளால்தான் போனது என்பார்கள். அவள் உயிரோடு, மைதானத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தாள். ஒருவரும் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அவளை ஆட்டக்காரர்கள் ஊசியக்கா என்று கூப்பிடுவார்கள். மைதானத்தின் கிழக்குப் படிக்கட்டுகளுக்கு அடியில், உடை மாற்றும் அறைக்குப் போகிற நடையின் ஓரத்தில் அவளுடைய தையல் அறை இருந்தது. இரண்டு மிஷின், ஒரு இஸ்திரி மேஜை, பொத்தான் போட்டு வைக்கிற பழைய பிஸ்கட் டப்பாக்கள். ஜன்னல் தரைமட்டத்தில் இருந்ததால் வெளியே புல்லும் கால்களும்தான் தெரியும். யார் நொண்டுகிறார், யார் வலியை மறைத்துக்கொண்டு ஓடுகிறார் என்பதை வைத்தியருக்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள். "அக்கா, எங்க மூஞ்சியை எப்பத்தான் பார்ப்பீங்க?" என்று பையன்கள் கேலி செய்வார்கள். "ஜெயிச்சுட்டு வாங்கடா, அப்புறம் பார்க்கறேன்" என்பாள்.

அவளுடைய கணவரைப் பெட்டிக்காரர் என்பார்கள். அணியின் சட்டை, பூட்ஸ், பந்து எல்லாம் அடங்கிய பெரிய தகரப் பெட்டிகள் அவர் பொறுப்பு. அணி எங்கே போனாலும் பெட்டியோடு அவரும் போவார். ஆட்டத்தன்று சட்டைகளை முதுகு எண் மேலே தெரியும்படி மடித்து அடுக்குவார். அவசரத்தில் எண்ணைப் பார்த்து வீசினால் சரியான ஆளிடம் போய்ச் சேரும். அவர் அடுக்கு குலைந்து யாரும் பார்த்ததில்லை. கால்பந்து என்றால் அவருக்கு உயிர். சின்ன வயதில் முழங்கால் உடைந்திருக்காவிட்டால் அந்தச் சட்டைகளில் ஒன்று அவருடையதாக இருந்திருக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

உடை மாற்றும் அறைக்குள் பெண்கள் போகக் கூடாது என்பது கால்பந்துச் சங்கத்தின் சட்டம். ஊசியக்கா தைத்த சட்டைகளைக் கதவு வரைக்கும் கொண்டுபோய்க் கணவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். சங்கம் கொடுத்த வீடு மைதானத்துக்குப் பின்னாலேயே இருந்தது. ஆரவாரம் கேட்டால் சமையலறையில் பாத்திரம் அதிரும்.

நான்காவது கோப்பையை நாம் ஜெயித்த வருஷம்தான் அவர்களுக்கு மகள் பிறந்தாள். ஒரு கோப்பைக்கு ஒரு நட்சத்திரம் என்பது வழக்கம். சட்டையில் நெஞ்சுப்பக்கம், முத்திரைக்கு மேலே அதைத் தைப்பார்கள். மலைக்காரர்கள் சட்டையில் ஏற்கெனவே இரண்டு மின்னிக்கொண்டிருந்தன. நமக்கு அதுதான் முதல். மஞ்சள் பட்டு நூலில் அதைத் தைத்தவள் அவள். பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தைத்தாள். ஒரு முனை கொஞ்சம் கோணிவிட்டதென்று அவளுக்கு மட்டும் தெரியும்.

ஆறாவது கோப்பை நம் நாட்டில் நடந்தது. தீவுக்காரர்களோடு இறுதி ஆட்டம். அதற்கு முந்தின வாரம் சங்கத்தின் செயலாளர் தையல் அறைக்கு வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"இன்னொரு செட் சட்டை தயார் பண்ணுங்கம்மா. ரெண்டு நட்சத்திரம் வெச்சு."

"ஆட்டம் முடியட்டும் சார். முடிஞ்ச கையோட தைச்சுக் குடுத்துடறேன்."

"முடிஞ்ச கையோடயா? கோப்பையைத் தூக்கறப்போ போட்டோவுல ரெண்டு நட்சத்திரம் தெரியணும். அத்தனை பேரையும் வெத்து உடம்போட நிக்க வெச்சுட்டு நீங்க ஊசியில நூல் கோத்துக்கிட்டிருப்பீங்களா?"

"இல்ல சார், முன்கூட்டியே தைக்கிறது மனசுக்கு ஒப்பல."

"உங்க மனசையெல்லாம் வீட்டுல வெச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தைத்தாள். சம்பளம் வாங்குகிறவள் வேறென்ன செய்வாள்? தைத்து முடித்து, அந்தச் சட்டைகளை மட்டும் ஒரு நீலத் துணியில் மூட்டை கட்டினாள். இடைவேளையில் மாற்றிக்கொள்கிற ஒற்றை நட்சத்திரச் சட்டைகளை வெள்ளைத் துணியில் கட்டினாள். கதவருகே கணவரிடம் கொடுக்கும்போது, "நீலத்தைத் தொடாதீங்க. கோப்பை கைக்கு வந்தப்புறம்தான் அதைப் பிரிக்கணும்" என்றாள். "எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று சிரித்தார்.

அன்று மழை கொட்டியது. இடைவேளைக்குள் நம் ஆட்கள் இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். மேலே படிக்கட்டுகளில் ஜனங்கள் குதித்த குதியில் தையல் அறையின் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. ஊசியக்கா ஜன்னலில் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேறு பூசிய கால்கள் துள்ளிக்கொண்டு உள்ளே போயின.

உடை மாற்றும் அறையில் கூரை ஒழுகியிருக்கிறது. பெட்டி நனையத் தொடங்கியதும் பெட்டிக்காரர் இரண்டு மூட்டையையும் அவிழ்த்து, சட்டைகளை உலர்ந்த மேஜைமேல் அடுக்கியிருக்கிறார். துணிகள் நனைந்துவிட்டதால் தூர எறிந்துவிட்டார். அடுக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். வழக்கம்போல முதுகு எண் மேலே, நெஞ்சு கீழே. "உலர்ந்த சட்டை கொண்டா!" என்று பயிற்சியாளர் கத்தியதும், கைக்கு எட்டின அடுக்கை எடுத்து எண் பார்த்து எண் பார்த்து வீசினார். சட்டையைப் போட்டவர்கள் எதிரில் நிற்பவனைப் பார்க்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருப்பவன் எதைத்தான் பார்க்கிறான்?

வரிசையாக அவர்கள் நடை வழியாக வெளியே போகும்போதுதான் அவள் பார்த்தாள். ஒவ்வொரு நெஞ்சிலும் இரண்டு. ஓடிப்போய்க் கடைசியில் போன பையனின் கையைப் பிடித்து, "தம்பி, சட்டை! சட்டையைப் பாரு!" என்றாள். மேலே இருந்த கூச்சலில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா வாழ்த்துகிறாள் என்று நினைத்து அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடிவிட்டான்.

அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. தீவுக்காரர்களின் தலைவன் நம் ஆளின் நெஞ்சைச் சுட்டிக்காட்டித் தன் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினான். பாதி ஆட்டம் பாக்கி இருக்கும்போதே கோப்பையைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள், பாருங்கள் என்று. படிக்கட்டிலும் விஷயம் பரவி, நம் ஜனங்களே வாயடைத்துப் போனார்கள். நம் ஆட்கள் குனிந்து தங்கள் நெஞ்சைத் தாங்களே பார்த்து வெலவெலத்துப் போனார்கள். சட்டையை மாற்றலாம் என்றால், "இனிமே கழட்டினா இன்னும் அசிங்கம்" என்றார் பயிற்சியாளர். தீவுக்காரர்கள் மூன்று கோல் போட்டார்கள். மூன்றாவது கோல் கடைசி நிமிஷத்தில் விழுந்தது. கோப்பை கப்பலேறிப் போனது.

கல் எறிந்தார்கள். சங்கத்தின் கண்ணாடிகள் ஒன்றுகூட மிச்சமில்லை. யாரையாவது பலி கொடுத்தால்தான் கூட்டம் அடங்கும் என்று மறுநாள் விசாரணை வைத்தார்கள். இரண்டாவது நட்சத்திரம் தைக்கச் சொன்னது யார் என்ற கேள்விக்குச் செயலாளர் கூசாமல் கையை விரித்தார். "ஆர்வக்கோளாறுல அவங்களாவே தைச்சுட்டாங்க போல" என்றார். அடுத்த கேள்வி, சட்டையை எடுத்துக் கொடுத்தது யார்?

பெட்டிக்காரர் எழுந்து நின்றார். உதடு ஆடியது, குரல் வரவில்லை. அவள் அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினால் இந்த மனிதர் ஒரு வருஷம் தாங்க மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. வேலை போனால் சங்கத்து வீடும் போகும். தனக்கு என்ன, ஒரு மிஷின் இருந்தால் எங்கேயும் பிழைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கைப் போட அவளுக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம் கூட ஆகவில்லை.

"நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள்.

பெண்கள் நுழையக் கூடாத அறைக்குள் அவள் எப்படிப் போனாள் என்று சட்டம் போட்ட பெரிய மனிதர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வேறு பக்கம் போய்விடுமே. அன்றே அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். அறையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "நான் என்ன பண்ணிட்டேன், பாரு" என்று தொடங்கினார். அவள் அவர் வாயைப் பொத்தினாள். எட்டு வயது மகள் அடுத்த அறையில் இருந்தாள்.

"பேசாதீங்க. இனிமே இதைப் பத்தி வீட்டுக்குள்ள கூடப் பேசக் கூடாது. குழந்தை காதுல விழுந்தா ஸ்கூல்ல போய்ச் சொல்லிடும். என்கிட்டே கூடச் சொல்லாதீங்க."

எத்தனையோ பேச்சை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்ட மனிதர், அவள் சொன்னதில் தட்டாமல் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

அவள் நினைத்தது கொஞ்ச காலத்துக்கு. மகள் வளரும் வரை. ஊர் மறக்கும் வரை. அப்புறம் என்றாவது ஒரு நாள், கதவைச் சாத்திக்கொண்டு, "எனக்காக நீ எல்லாப் பழியையும் வாங்கிக்கிட்டே" என்று அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தாள். ஊர் என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும். அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. அதற்காகக் காத்திருந்தாள்.

ஊர் மறப்பதாகத் தெரியவில்லை. ஊசியக்கா என்ற பெயர் போய், நட்சத்திரக்காரி என்று ஆனது. வீட்டில் மிஷின் போட்டுத் தைக்கத் தொடங்கினாள். எதிர்வீட்டுக்காரி தன் மகளின் கல்யாணத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அளவெடுத்து வெட்டுவதற்குள் திரும்ப வந்து, "தப்பா நினைச்சுக்காதீங்கக்கா, மாப்பிள்ளை வீட்டுல கைராசி பார்க்கறாங்க" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். குழந்தைச் சட்டை வரவில்லை. புது வேலைக்குப் போகிறவன் சட்டை வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தலையணை உறையும் போர்வையும் தைக்க வந்தன. படுத்துக் கிடப்பவனுக்கு ராசி பார்க்க யார் இருக்கிறார்கள்? வருஷக்கணக்கில் வெள்ளைத் துணியில் நேர்கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். பூ வேலை, முத்திரை, நட்சத்திரம் எதையும் கை தொடவில்லை.

மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வருவாள். "ஏம்மா அப்படிப் பண்ணினே? கொஞ்சம் பார்த்து எடுத்திருக்கக் கூடாதா?" என்பாள். "பதட்டத்துல நடந்துடுச்சு கண்ணு" என்பாள் தாய். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருப்பார். தலை நிமிராது.

ஏழாவது கோப்பை ஆற்றுக்காரர்களுக்குப் போனது. எட்டாவது மலைக்காரர்களுக்கு. ஒன்பதாவது மறுபடியும் தீவுக்காரர்களுக்கு. நாலு வருஷத்துக்கு ஒரு முறை, நாம் தோற்கும்போதெல்லாம், பத்திரிகைக்காரர்கள் அந்தச் சட்டைப் படத்தைத் தூசி தட்டி எடுத்துப் போடுவார்கள். சாபம் என்று தலைப்பு. நம் ஆட்களுக்குப் பந்தை ஒழுங்காக உதைக்கத் தெரியாததற்கும் ஒரு தையல்காரியின் சாபம்தான் காரணம்! நல்ல ஊர், நல்ல ஜனங்கள்.

ஒவ்வொரு முறையும் பெட்டிக்காரர் தோற்ற அணியோடு திரும்பி வருவார். அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவாள். இன்று சொல்வாரோ என்று இருக்கும். ஒன்பதாவது கோப்பைக்கு அப்புறம் ஒரு நாள், "அன்னைக்கு அந்தச் சட்டை மட்டும் வெளியே வராம இருந்திருந்தா, இந்நேரம் நம்ம சட்டையில ரெண்டு இருக்கும்" என்றார். சட்டை தானாகவே எழுந்து நடந்து போனது மாதிரி இருந்தது அவர் பேச்சு. சொல்ல வருகிறார், கூச்சப்படுகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பத்தாவது கோப்பையின்போது மகளுக்குக் கல்யாணமாகியிருந்தது. அதிலும் நாம் அரையிறுதியோடு மூட்டை கட்டினோம். மருமகன் சாப்பாட்டு மேஜையில் தயங்கித் தயங்கிப் பழைய விஷயத்தைக் கேட்டான். "உங்க அத்தைக்கு அப்போ சின்ன வயசு, மாப்பிள்ளை. பதட்டக்காரி. அடுக்கு மாறிப்போச்சு. நான் ஒரு வார்த்தை திட்டினதில்லை" என்று இவர் சொல்வது சமையலறையில் கேட்டது. என்னமாய் நடிக்கிறார் என்று நினைத்தாள். இத்தனை வருஷம் கழித்தும் தான் சொன்னதைக் காப்பாற்றுகிறாரே என்று அவர்மேல் பிரியம்கூட வந்தது, பைத்தியக்காரிக்கு.

பதினோராவது கோப்பை மலைக்காரர்கள் நாட்டில் நடந்தது. பெட்டி தூக்குகிற வயது அவருக்குப் போய்விட்டது. ஆனாலும் அணியிலேயே பழைய ஆள், முதல் நட்சத்திரத்தையும் பார்த்தவர் என்று மரியாதைக்காகக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் மகள் வீட்டில் உட்கார்ந்து டிவியில் ஆட்டம் பார்த்தாள். இப்போதும் அவள் கண் கால்களில்தான் இருந்தது. இறுதி ஆட்டத்தில் மலைக்காரர்களை அவர்கள் மண்ணிலேயே ஒரு கோலில் வீழ்த்தினோம். மகள் கத்திய கத்தலில் தூங்கிக்கொண்டிருந்த பேரக்குழந்தை எழுந்து அழுதது. தெருவெல்லாம் கார் ஹாரன்.

பேட்டி எடுப்பவர்கள் மைக்கோடு மைதானத்துக்குள் ஓடினார்கள். ஒருவன் பெட்டிக்காரரைப் பிடித்துவிட்டான். "ஐயா, இருபது வருஷ சாபம் நீங்கிடுச்சே, என்ன சொல்றீங்க?" என்றான். கிழவரின் கண்களில் நீர் வழிந்தது. அவள் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். இனி ஒருவருக்கும் நஷ்டமில்லை. வேலை போகாது, வீடு போகாது. நாடே சந்தோஷத்தில் இருக்கிறது, யார் கல்லெறியப் போகிறார்கள்?

"என் சம்சாரம் அன்னைக்கு ஒரு தப்பு பண்ணிட்டா" என்றார் அவர். "தெரியாம நடந்த தப்பு. நான் அவளை ஒரு நாளும் குத்திக் காட்டினதில்லை. இத்தனை வருஷமா ஊர்ப் பேச்சையெல்லாம் சேர்ந்து தாங்கிக்கிட்டோம். இன்னைக்காவது எல்லாரும் அவளை மன்னிச்சிடணும்னு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

கும்பிட்டார். ஜனங்கள் கை தட்டினார்கள். மகள் ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டு, "அப்பா மாதிரி மனுஷன் யாரும்மா இருக்காங்க!" என்று விம்மினாள். மறுநாள் அவள் தன் வீட்டுக்குத் திரும்பியதும் எதிர்வீட்டுக்காரி பூங்கொத்தோடு வந்தாள். "இனிமே உங்க மேல யாருக்கும் வருத்தமில்லைக்கா" என்றாள். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கையாட்டினார்கள். சங்கத்திலிருந்து ஒருவன் போன் பண்ணி, கோப்பையோடு ஊர்வலம் வரும்போது அவளும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையோடு சொன்னான். எல்லாருக்கும் தலையாட்டினாள். அவர் வரட்டும் என்று இருந்தாள். ஊருக்காக அப்படிச் சொல்லியிருப்பார். வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுவிட வேண்டும்.

கழுத்தில் மாலையோடு வந்து இறங்கினார். மகளும் மருமகனும் வந்தவர்களை வாசலில் கவனித்துக்கொண்டிருக்க, அவள் அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு இடைவேளையில மேஜையிலேர்ந்து சட்டையை எடுத்தது யாரு?"

அவர் அவளைப் பார்த்தார். பொய் சொன்னால் மூக்கைத் தடவிக்கொள்வது அவர் பழக்கம். தடவவில்லை.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? நீதான் பதட்டத்துல எடுத்துட்டே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இங்க நம்ம ரெண்டு பேர்தான் இருக்கோம்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நான் கோல்கீப்பரோட பூட்ஸுக்குக் கயிறு மாத்திக்கிட்டு இருந்தேன். நீ மேஜைகிட்ட நின்னு ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தே. தலையில முக்காடு, மழையில நனைஞ்சிருந்துச்சு. இப்பவும் கண்ணுக்குள்ளேயே நிக்குது."

"நான் அந்த ரூமுக்குள்ளேயே வந்ததில்லைங்க. ஒரு நாளும் வந்ததில்லை. பொம்பளைங்களை விட மாட்டாங்களே, மறந்துட்டீங்களா? கதவுகிட்ட உங்க கையில குடுத்துட்டு வந்துடுவேன்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். ஒரு நொடி ஏதோ தட்டுப்படுவது போல இருந்தது. அப்புறம் அவர் முகம் தெளிந்து, கனிந்துவிட்டது. குழந்தையைத் தேற்றுவது மாதிரி அவள் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

"அன்னைக்கு வந்தியேம்மா. போகட்டும் விடு. அதான் எல்லாரும் மன்னிச்சிட்டாங்களே. நானும் என்னைக்கோ மன்னிச்சுட்டேன்."

பயணக் களைப்பு. அப்படியே நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போனார். நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த உண்மையைத் தாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சுமப்பதாக அவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அவர் எப்போது இறக்கி வைத்தார்? எட்டாவது கோப்பையின்போதா, ஒன்பதாவதின்போதா? மருமகனிடம் சொன்னாரே, அப்போதா? நடிக்கிறார் என்று இவள் பூரித்தாளே, அப்போதே எல்லாம் போயிருக்கிறது. இனி இவள் யாரிடம் போய்ச் சொன்னாலும், ஆமாம் அப்படித்தான் என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. இவ்வளவு நல்ல புருஷன் மேல் பழி போடுகிறாள், நன்றி கெட்டவள் என்பார்கள்.

தரையில் உட்கார்ந்து அழுதாள். தோற்ற அன்று அழவில்லை. சாவியை வாங்கிக்கொண்டபோது அழவில்லை. எதிர்வீட்டுக்காரி துணியைத் திரும்ப வாங்கிப் போனபோதும் அழவில்லை. இப்போது வாயைத் துணியால் பொத்தியும் அடங்கவில்லை.

சத்தம் கேட்டு மகள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தூங்குகிற அப்பாவையும் தரையில் கிடக்கிற அம்மாவையும் பார்த்தாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து தாயின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நல்லா அழுதுடும்மா" என்றாள். "எத்தனை வருஷ பாரம். இன்னைக்குத்தானே இறங்கியிருக்கு."